கைக்கடிகாரம் காட்டும் நாடித் துடிப்பு: டாக்டர் என்ன சொல்லுகிறார்?



திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பும்போது புது மாதிரிக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அது மணி மட்டும் காட்டுவதில்லை. இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்றும் காட்டும். 'ஸ்மார்ட் வாட்ச்' என்பது அதன் பெயர். நல்ல பொருள்தான். ஆனால் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள்.

"என்னங்க, மிளகு பறிக்க மரம் ஏறி இறங்கினதிலிருந்து நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னீங்களே, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

"அட, வாட்ச்சுல 78-னு காட்டுது. சரியாத்தான் இருக்கு. விடு!"

ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கடிகாரம் எப்படி எண்ணுகிறது?

அதன் அடியில் பச்சை விளக்கு ஒன்று மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்து அது கணக்குப் போடுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், மண்வெட்டி பிடித்துக் கை ஆடினால், மலைக் குளிரில் கை சில்லிட்டிருந்தால் கணக்குத் தப்பும்.

டாக்டர்கள் இதை நம்புகிறார்களா?

சில டாக்டர்கள் "அதைக் கழற்றி வையுங்கள்" என்பார்கள். நோயே இல்லாதவர்கள் எண்ணைப் பார்த்துப் பயந்து ஓடி வருவதை அவர்கள் பார்க்கிறார்கள். வேறு சிலர் வாங்கிப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 4,19,297 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2019-ல் வெளியானது. கடிகாரம் 2,161 பேருக்குத்தான் "துடிப்பு ஒழுங்காக இல்லை" என்று எச்சரித்தது. அவர்களில் 450 பேர் நெஞ்சில் கருவி ஒட்டிச் சோதித்துக்கொண்டார்கள். அப்போது 100-க்கு 34 பேருக்கு அந்தக் கோளாறு தெரிந்தது. அது வந்து வந்து போகும் கோளாறு. ஆகவே மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கவனிக்காமல் விட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அதனால் கடிகாரம் எச்சரித்தால் அலட்சியம் வேண்டாம்; அதை மட்டும் நம்பி முடிவு கட்டவும் வேண்டாம்.

மாரடைப்பு அதற்குத் தெரியுமா?

தெரியாது! இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைபடுவதுதான் மாரடைப்பு. அப்போதும் துடிப்பு 78 என்றே இருக்கலாம். சில கடிகாரங்கள் ஈ.சி.ஜி.யும் எடுக்கும். அது இதயத்தை ஒரு கோணத்தில் பார்க்கிறது, ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி. 12 கோணங்களில் பார்க்கிறது. ஒரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வீடு முழுக்கத் தெரியுமா?

நெஞ்சில் பாரம், கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் இவை வந்தால் எண்ணைப் பார்க்காதீர்கள். பெண்களுக்குச் சில சமயம் மூச்சிறைப்பும் குமட்டலும் அசதியும் மட்டுமே இருக்கும். பைக்கில் உட்கார வைத்து 70 வளைவுகளையும் இறங்கப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் அங்கேயே வைக்கப்பட்டுள்ளன. கீழே நாமக்கல் போய்ச் சேரும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடும்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தில் துடிப்பு நிமிஷத்துக்கு 10 முதல் 20 வரை கூடுவது இயல்பு. ஆனால் ரத்தசோகை இருந்தாலும் துடிப்பு கூடும். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டிருந்தாலும் கூடும். மூன்றையும் பிரித்துச் சொல்லக் கடிகாரத்தால் முடியாது. நர்சம்மா ரத்தம் பார்ப்பார். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். படுத்தால் மூச்சு முட்டினால் உடனே காட்டுங்கள். "கர்ப்பம்னா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுங்கள். கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் பார்க்கலாம். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சாதாரணம். ஓய்வாக இருக்கும்போதே அடிக்கடி 100-ஐத் தாண்டினால், அல்லது தாளம் தப்பித் தப்பி அடித்தால், தேதி, நேரம், அப்போது செய்த வேலை, உடம்புக்கு இருந்த நிலை இவற்றை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். வெறும் எண்ணைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் உதவும். கடிகாரத்தைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

தம்பதியரே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கடிகாரம் "டாக்டரிடம் போ" என்றால் போங்கள். "போக வேண்டாம்" என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

கையில் இருப்பது கடிகாரம். கவனித்துக் காப்பது குடும்பம்!