நோயாளியே பரீட்சகர்!

ஒரு காலில் இருக்கும் நோய்க்குறி மறு காலுக்குத் தாவுமா? தாவியிருக்கிறது!

அமெரிக்காவில் நரம்பு வைத்திய நிபுணர்களுக்கு ஒரு பரீட்சை நடந்தது. வந்தவர்கள் உண்மையான நோயாளிகளைச் சோதித்து, நோய் இன்னதென்று சொல்ல வேண்டும். நோயாளிகளில் ஒருவருக்கு முதுகுத் தண்டில் கோளாறு. அவருடைய உள்ளங்காலைக் கீறினால், கட்டைவிரல் கீழே மடங்குவதற்குப் பதில் மேலே நிமிரும். சோதித்தவர்களில் ஒருவர் சற்று முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். நோயாளி சண்டைக்குப் போகவில்லை. அவருக்கு மட்டும் மற்றக் காலின் விரலை நிமிர்த்திக் காட்டிப் பழி தீர்த்துக்கொண்டார்!

நோயாளியே பிற்பாடு சொல்ல, இதைக் கேட்டவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற டாக்டர். சிரித்துவிட்டுப் போகிற சங்கதியா இது? மரியாதை இல்லாத இடத்தில் நோயாளியிடமிருந்து உண்மை வராது. உண்மை வராவிட்டால் வைத்தியமே தவறிப்போகும். இதுதான் அதிலுள்ள பாடம்.

வேஷம் போட்ட நோயாளி

1963-ம் வருஷம். லாஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் பாரோஸ் ஆசிரியர். ஓவியர்களுக்கு 'மாட'லாக இருந்த ஒரு பெண்மணியை அழைத்து, கால் விளங்காத நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சோதித்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்று அந்த அம்மாள் குறித்துக் கொடுத்தார். நோயாளியே பரீட்சகர்!

வைத்தியப் பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. கல்லூரிக்குள் ஹாலிவுட் புகுந்துவிட்டது என்று கேலி பேசினார்கள். ஆனால் இன்றைக்கு உலகமெங்கும் வைத்திய மாணவர்களுக்கும் நர்ஸ் மாணவிகளுக்கும் இந்த முறையில் பயிற்சி நடக்கிறது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ரொனால்ட் ஹார்டன் 1975-ல் வேறொரு பரீட்சை முறையை வெளியிட்டார். மணி அடிக்க அடிக்க மாணவர் ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். ஒரு மேஜையில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னால், இன்னொன்றில் துயரச் செய்தியை நோயாளிக்கு எடுத்துச் சொல்லச் சொல்லலாம். இரண்டுக்கும் மார்க் உண்டு.

பதினெட்டே விநாடி!

"அன்பு பிறவிக் குணம், அதைப் பாடம் நடத்தி வரவழைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காது கொடுத்துக் கேட்பது பழக்கம். பழக்கத்தைப் பழகித்தானே பெற வேண்டும்? 1984-ல் பெக்மன், பிராங்கெல் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நோயாளிகள் டாக்டரைப் பார்த்த 74 சந்தர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரி 18 விநாடிக்குள் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார்! சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் சொல்லுவது காய்ச்சலாயிருக்கும். கடைசியில் சொல்ல நினைத்தது நெஞ்சு வலியாயிருக்கலாம். "வேறென்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதும் ஒரு வித்தைதான்.

நம் நாட்டில்

இந்தியாவிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனப்பான்மை, நெறிமுறை, பேச்சுப் பழக்கம் ஆகியவை தனிப் பாடமாகச் சேர்ந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் அபாயமும் உண்டு. மார்க்குக்காக மாணவரும் பரிவு வேஷம் போடலாம் அல்லவா? வகுப்பில் "நோயாளியின் பெயர் சொல்லிப் பேசு" என்று கற்றவர், வார்டுக்குப் போனதும் பெரிய டாக்டர் "அந்த நாலாம் நம்பர் கட்டில்" என்று சொல்லக் கேட்டால் எதைப் பின்பற்றுவார்? பாடம் புத்தகத்தில் இருந்து பயனில்லை. பெரியவர்கள் நடத்தையில் இருக்க வேண்டும். வெளி நோயாளிகள் பகுதியில் அலைமோதும் கூட்டமும் குறைய வழி செய்ய வேண்டும்.

மருந்துக்கு நான்கு அங்கங்கள் சொன்னார் வள்ளுவர். வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பணி செய்பவர் எல்லாரையும் எண்ணினார். ஆனால் அவர் முதலாவதாக வைத்தது யாரை? நோயாளியை! நம் கல்லூரிகளும் அந்த வரிசையை மாற்றாதிருந்தால் போதும்.