மின்னஞ்சல் வழங்கியும் சிதறிய விளக்கங்களும்

நாம் அனுப்பும் மின்னஞ்சல் சில நொடிகளில் உலகின் மறுகோடியை அடைந்துவிடுகிறது. அதைக் கொண்டு சேர்க்கும் கணிப்பொறிக்கு அஞ்சல் வழங்கி என்று பெயர். இதனை அமைக்க முற்படுவோர் விளக்க ஏடுகளைக் கண்டு மலைத்துப் போகின்றனர். ஒரு செய்தி ஓரிடத்திலும் அதன் தொடர்ச்சி வேறோரிடத்திலும் கிடக்கும். இது ஏன்?

அஞ்சல் வழங்கியில் பல நிரல்கள் கூடி வேலை செய்கின்றன. அஞ்சலை ஏற்று அடுத்த கணிப்பொறிக்கு அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற நிரல். பெட்டியில் சேர்ந்ததைப் பயனருக்கு எடுத்துக் கொடுப்பது டவ்காட் போன்ற வேறொரு நிரல். எந்த முகவரிக்கு எந்தக் கணிப்பொறி பொறுப்பு என்று கூறுவது டி.என்.எஸ். எனும் பெயர்ப் பதிவேடு. இவற்றை உருவாக்கியோர் வெவ்வேறு குழுவினர். ஒவ்வொரு குழுவும் தன் பகுதிக்கு மட்டுமே விளக்கம் எழுதியது.

வரலாறும் ஒரு காரணம். பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், 1983இல் 4.2 பி.எஸ்.டி. இயக்க அமைப்புடன் வெளிவந்தது. அக்கால வலைப்பின்னல்கள் முகவரியைப் பலவாறாக எழுதின. ஒன்றை மற்றொன்றாக மாற்றக் குறியீடுகள் நிறைந்த விதிகள் தேவைப்பட்டன. 1998இல் வீட்சே வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸில் ‘பெயர் = மதிப்பு’ என்ற எளிய வரிகள் போதும். ஆனால் அப்பெயர்களோ பல நூறு!

பழைய குறிப்புகளால் வரும் இடர் இன்னும் பெரிது. வெளியார் அஞ்சலைக் கடத்தலாமா என்னும் விதியும், வேண்டாத அஞ்சலைத் தடுக்கும் விதியும் போஸ்ட்ஃபிக்ஸில் முன்பு ஒரே பட்டியலில் இருந்தன. 2013இல் வந்த 2.10 பதிப்பு முதல் கடத்தலுக்குத் தனிப் பட்டியல் உண்டு. இரு காலக் குறிப்புகளையும் புரியாமல் கலந்தால், கதவு எல்லோருக்கும் திறந்துவிடக்கூடும். மோசடிக்காரர்கள் அதன் வழியே அஞ்சல்களைக் கொட்டுவர். பிற வழங்கிகள் நம் முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்க்கும். பிறகு நம் உண்மையான கடிதங்களும் ஏற்கப்படா.

இனி, வழி யாது?

முதலில், ஒரு கடிதம் செல்லும் பாதையைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அங்குள்ள நிரலின் பெயரை எழுதுக. அடுத்து, நம்மிடமுள்ள பதிப்பின் எண்ணை அறிந்து, அதற்குரிய மூல ஏட்டையே நம்புக. ‘போஸ்ட்கான்ஃப்’ கட்டளையை ‘-என்’ குறியுடன் கொடுத்தால், நாமாக அமைத்த மதிப்புகள் மட்டும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் போல, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும்.

பின்னர்ப் பதிவுக் கோப்பைப் பார்க்கலாம். அதிலுள்ள மூன்றிலக்க விடை எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. வழங்கி மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் நிலையான மறுப்பு.

எல்லா ஏடுகளையும் முழுதும் படிக்க வேண்டியதில்லை. கடிதம் எங்கே நின்றது என்று கண்டுகொண்டால், எந்த ஏட்டைத் திறப்பது என்பது தானே விளங்கும்.