தீயால் முளைக்கும் ராட்சத மரம்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநில மலைகளில் ஒரு மரம் வளர்கிறது. அதன் பெயர் "செக்கோயா". ஆண்டு முழுவதும் பச்சைப் பசேல் என்று இருக்கும்.

அவற்றில் மிகப் பெரியது, "ஜெனரல் ஷெர்மன்" என்ற மரம். உயரம் 275 அடி. அடிமரத்தின் சுற்றளவு 103 அடி. வயது சுமார் 2,200!

இதன் விதையோ மிகச் சிறியது. காய்க்குள் 20 ஆண்டு வரைகூட உறங்கும். காட்டில் தீப்பிடித்தால், வெப்பத்தில் காய்கள் உலர்ந்து விரியும். விதைகள் கொட்டும். கீழே சருகு எரிந்து, வெறும் மண் தெரியும். அதில் விதை முளைக்கும். பெரிய மரத்தின் பட்டை 2 அடி கனம் வரை இருக்கும். சிறு தீ அதை ஒன்றும் செய்யாது.

அணைத்ததால் வந்த ஆபத்து

இந்தக் காட்டைக் காக்க 1890-ம் ஆண்டு தேசியப் பூங்கா அமைத்தார்கள். பிறகு, தீப்பிடித்தால் உடனே அணைத்து வந்தார்கள். நடந்தது என்ன? புதுக் கன்றுகள் அரிதாயின. சருகும் புதரும் குவிந்தன.

தவறு புரிந்தது. 1968-ம் ஆண்டு முதல் அதிகாரிகளே அளவாகத் தீ மூட்டினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அதைச் செய்ய முடியவில்லை. 2020-ம் ஆண்டு பெருந்தீ மூண்டது. சுவாலை மர உச்சியை எட்டியது. ஆயிரக்கணக்கான பெரிய மரங்கள் மாண்டன.

மறு ஆண்டும் தீ வந்தது. ஷெர்மன் மரத்தின் அடியில் அலுமினியத் தாளைச் சுற்றினார்கள். மரம் பிழைத்தது. அங்கே முன்கூட்டியே சருகுகளை எரித்து வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.