ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது யார்?

கணினியில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். திரை சட்டென்று உறைகிறது, ஒருமுறை கறுக்கிறது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பழையபடி ஓடுகிறது. மோடத்துக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நாம் வீட்டில் பார்க்கிற அதே வைத்தியம்தான் உள்ளே நடந்திருக்கிறது. கிராஃபிக்ஸ் சிப்பை மட்டும் யாரோ ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலும், அந்தச் சிப்பைக் கட்டி மேய்க்கும் டிரைவர் என்ற நிரலும்.

விண்டோஸில் இந்த வசதி விஸ்டாவோடு வந்தது. கொடுத்த வேலையை சிப் 2 நொடிக்குள் முடிக்கவோ கைவிடவோ இல்லையென்றால் ரீசெட், அதாவது அந்த ஆஃப்-ஆன் வைத்தியம். ஒரே நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் கெர்னலும் பொறுமை இழந்து நீலத்திரையைக் காட்டிவிடும்.

ரீசெட் செய்வது பெரிய வித்தையில்லை, பெரும்பாலும் கருவிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு சேமிப்பிடத்தில் ஒரு பிட்டை 1 ஆக்கினால் போதும். டிரைவர் எழுதுபவரின் தூக்கம் கெடுவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

நெட்வொர்க் கார்டை எடுத்துக்கொள்வோம். வரும் தகவலை எங்கே போட வேண்டும் என்று நினைவகத்தில் சில இடங்களின் முகவரியை டிரைவர் அதனிடம் முன்பே கொடுத்துவைக்கும். அதன்பின் கார்டு பிராசஸரைக் கேட்காமல் நேரே அங்கே எழுதும். டிஎம்ஏ என்பது இதுதான். இப்போது கார்டு கோளாறாகிவிட்டது. அவசரப்பட்ட டிரைவர் அந்த இடங்களையெல்லாம் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு ரீசெட் செய்கிறது. வீட்டைக் காலி செய்தவரிடம் சாவியைத் திருப்பி வாங்காத கதைதான்! அந்த இடத்துக்கு வேறொரு நிரல் குடிவந்திருக்கும், பழைய கார்டோ உள்ளே நுழைந்து எழுதிவைக்கும். விளைவு எங்கேயோ, எப்போதோ, சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் சரிந்து விழுவது. ஆகவே முதலில் புதிய வேலைகளை நிறுத்தி, நினைவகத்தைத் தொடும் உரிமையைப் பறித்து, பாதிவழியில் இருப்பவை அடங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே ரீசெட். இடங்களைத் திருப்பித் தருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

செத்த கருவி பொய்யும் சொல்லும். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று பதில் தராமல் போனால், அதன் 32 பிட் ரெஜிஸ்டரைப் படிக்கும்போது வழக்கமாக எல்லாமே 1 என்று வரும். எண்ணாகச் சொன்னால் 4,29,49,67,295. "தயார்" என்ற பிட் 1 ஆகட்டும் என்று காத்திருக்கும் டிரைவர், ஆகா, தயாராகிவிட்டது என்று மகிழ்ந்துபோகும். "வேலையாக இருக்கிறேன்" என்ற பிட் 0 ஆகட்டும் என்று பார்க்கும் டிரைவரோ முடிவில்லாமல் காத்திருக்கும். எந்தக் காத்திருப்புக்கும் ஒரு கெடு வைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் தலையில் குட்டிச் சொல்வது இதனால்தான்.

ரீசெட் ஆனதும் கருவிக்குப் பழையது எதுவும் நினைவிருக்காது. தன் முகவரிகூடத் தெரியாது. அதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்திருந்து திருப்பி ஊட்டுவது கெர்னலின் பொறுப்பு.

செல்போன் சிப்புகளில் வேறு தலைவலி. ஒரே ரீசெட் கம்பியை இரண்டு மூன்று பகுதிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். ஒன்றைத் தட்டினால் பக்கத்து வீட்டிலும் விளக்கணையும். லினக்ஸ் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது: பங்காளிகள் எல்லோரும் கைவிட்ட பிறகே கம்பி இழுக்கப்படும். நாம் கேட்டதாலேயே ரீசெட் நடந்துவிட்டது என்று அங்கே எந்த டிரைவரும் நம்பக்கூடாது.

எனக்குப் பிடித்தது, ஸ்கசி என்ற இணைப்பு முறையில் ஓடும் வட்டுகளுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் ஏற்பாடு. பதில் வராத கட்டளையை மட்டும் முதலில் ரத்து செய்து பார்க்கும். மசியவில்லையா, அந்த வட்டை ரீசெட் செய்யும். பிறகு அது தொங்கும் பஸ் என்ற பொதுத் தடத்தை, அதன்பின் அதை ஆளும் கன்ட்ரோலரையே. எதுவும் பலிக்காவிட்டால் வட்டை ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடரும். எடுத்த எடுப்பில் பெரிய சுவிட்சில் கைவைத்தால், அதே பஸ்ஸில் ஒழுங்காக ஓடும் மற்ற வட்டுகளின் வேலையும் கெடும்.

இத்தனை நிதானமும் செல்லாத கருவிகளும் இருக்கின்றன. சில கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒரு மெய்நிகர் கணினியிடம் கொடுத்து, அதை மூடிவிட்டு மறுபடி துவக்கினால் கார்டு எழுந்திருக்காது. டிரைவர் எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் முழுக் கணினியையும் நிறுத்தித்தான் அதை எழுப்ப வேண்டியிருக்கிறது.