555 நோட்டு: அன்று கடன், இன்று கணக்கு

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன நோட்டு அது. அட்டையில் 555 என்று மூன்று எண்கள் பெரிதாக இருக்கும். மலேசியாவில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் யாரிடம் காட்டினாலும் “கடன் புத்தகம்” என்று உடனே சொல்வார்கள். மலாய்க்காரர்களுக்கு அது ‘பூக்கு தீகா லீமா’. கம்போங் மேடானில் பலகை வீட்டில் நாங்கள் இருந்த காலத்தில், அம்மாவின் 555 நோட்டு அடுப்படிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். மூலையில் துளை போட்டு நூல் கோத்து வைத்திருப்பார். அதற்கு ஜோடி நோட்டு ஒன்று கடையில் இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கடைக்காரர் கூட்டுவார்; அவரைத் தவுக்கே என்போம். இரண்டிலும் ஒரே தொகை வந்தால்தான் அம்மாவுக்கு மூச்சு வரும்.

பழைய கிள்ளான் சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் இருக்கிறது கம்போங் மேடான். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனபோது, வேலையும் குடியிருப்பும் ஒரே நாளில் இழந்த நம்மவர்கள் நகரத்தின் ஓரங்களில் வந்து ஒதுங்கினார்கள். கம்போங் காந்தி, கம்போங் லிண்டோங்கான், கம்போங் மேடான் என்று புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு வீடு எழுப்பினார்கள். தோட்டத்திலும் கடன்தான்; சம்பள நாளில் கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு மிச்சத்தோடு வீடு திரும்புவார்கள். கம்பத்துக்கு, அதாவது கம்போங்குக்கு, வந்த பிறகும் கடை மாறியதே தவிர, வாழ்க்கை அதே நோட்டில்தான் ஓடியது.

எங்கள் சந்து முனையில் இருந்தது சீனர் ஒருவரின் மளிகைக் கடை. வாசலில் அரிசி மூட்டைகள், சதுரத் தகர டின்களில் பிஸ்கட், நெத்திலிக் கருவாடு, மண்ணெண்ணெய் வாடை. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் மைலோ டின்தான் கல்லாப்பெட்டி. இழுத்தால் இறங்கும், காசைப் போட்டு விட்டால் மேலே ஏறிவிடும். தவுக்கே நன்றாகத் தமிழ் பேசுவார். அம்மாவைத் ‘தங்காச்சி’ என்றுதான் கூப்பிடுவார்.

“தவுக்கே, அரைக் கிலோ பருப்பு, பத்துக் காசுக்கு மிளகாய்த்தூள், ஒரு சார்டின் டின். எழுதிக்குங்க.”

“தங்காச்சி, போன மாசம் பாக்கி இன்னும் இருக்கு.”

“சம்பளம் போட்டதும் தந்துடறேன் தவுக்கே.”

அவர் ஒரு நொடி அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். பிறகு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுப்பார். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளமானது என்பது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியும்.

அந்த நோட்டில் சாமானின் விலை பெரும்பாலும் இருக்காது. தேதியும் மொத்தத் தொகையும்தான் இருக்கும். கடனுக்கு வாங்குகிறவர் விலை கேட்க மாட்டார். பக்கத்துக் கடையில் ஐந்து காசு குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. அங்கே நமக்கு நோட்டு இல்லை. மொத்தமாக வாங்கக் கையில் பணம் இருக்காது என்பதால் எல்லாமே சில்லறைதான்: தாளில் சுருட்டிய மஞ்சள்தூள், கால் போத்தல் எண்ணெய், நான்கு முட்டை. அப்படிச் சிறுகச் சிறுக வாங்குகிறவர், மூட்டையாக வாங்குகிறவரைவிடக் கிலோவுக்குக் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருப்பார். இல்லாதவர் வீட்டு அரிசிதான் அதிக விலை அரிசி என்பதைப் பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்த நோட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அப்பா தொழிற்சாலையில் கையில் அடிபட்டு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். அந்த இரண்டு மாதமும் தவுக்கே எழுதிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் ஜனவரியில் சீருடைக்கும் காலணிக்கும் பணம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதம் அவர் பாக்கியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். விலையில் நாங்கள் கூடுதலாகக் கொடுத்த காசு, கஷ்ட நாளில் அவர் காட்டிய பொறுமைக்கான சந்தா என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தூரத்தில் இருந்த மலிவு

1990களில் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பேரங்காடிகள் வந்தன. 1994-இல் பிரான்ஸ் நாட்டுக் கேரபோர் சுபாங் ஜெயாவில் கடை திறந்தது. 1944-இல் செந்தூலில் ஒரு சீனக் குடும்பம் தொடங்கிய மளிகைக் கடையான ஜயண்ட், ஊரெங்கும் பேரங்காடியாகப் பரவியது. 2002-இல் பூச்சோங்கில் டெஸ்கோ வந்தது. விலை உண்மையிலேயே குறைவு. ஆனால் அந்த மலிவுக்கு ஒரு நுழைவுக் கட்டணம் இருந்தது: கார் வேண்டும், கையில் ஒரு மாதச் செலவுக்கான ரொக்கம் வேண்டும், வீட்டில் குளிர்பெட்டி வேண்டும். மோட்டாரில் பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் பத்துக் கிலோ அரிசியை எங்கே வைப்பது? கம்போங் மேடான்காரர்களுக்குப் பேரங்காடி தீபாவளிக்கு ஒருமுறை போய்வரும் இடமாகத்தான் இருந்தது.

2001 மார்ச்சில் எங்கள் பகுதியில் நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. கம்போங் மேடான் என்ற பெயரை நாடே அப்போதுதான் கேட்டது. நெருக்கடியும் வறுமையும் நிறைந்த குடியிருப்புகளை இத்தனை காலம் கவனிக்காமல் விட்டோமே என்று பலரும் அதற்குப் பிறகு பேசினார்கள். 2005-க்குள் புறம்போக்குக் குடியிருப்புகளே இருக்கக் கூடாது என்று சிலாங்கூர் மாநிலம் இலக்கு வைத்தது. பலகை வீடுகள் உடைபட்டு, மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கம்பம் கலைந்ததோடு சந்து முனைக் கடைகளும் போயின. அம்மாவின் நோட்டுக்கு ஜோடியாக இருந்த அந்த இன்னொரு நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

கிள்ளானில் பிறந்த கடை

மலிவு கடைசியில் அடுக்குமாடியின் காலடிக்கே வந்து சேர்ந்ததற்குக் கிள்ளான்காரர் ஒருவர் முக்கியக் காரணம். லீ தியாம் வா சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் பலத்தை இழந்தவர். பதினொரு பிள்ளைகளில் ஒருவர். சாலையோரம் தின்பண்டம் விற்றுச் சேர்த்த பணத்தில், 1987-இல் கிள்ளானில் ஒரு சிறு மளிகைக் கடை போட்டார். அதுதான் பின்னாளில் 99 ஸ்பீட்மார்ட் ஆனது. 2024 செப்டம்பர் 9 அன்று அது மலேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது 2,600-க்கும் அதிகமான கிளைகள் இருந்தன. திரட்டிய தொகை ஏறத்தாழ 236 கோடி வெள்ளி. (ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்கிறோம்.)

அந்தக் கடையின் சூத்திரம் எளிமையானது. அலங்காரம் கிடையாது, கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம், இரும்பு அலமாரிகள், ஒன்றிரண்டு கல்லா. ஆயிரக்கணக்கான கிளைகளுக்கும் சேர்த்து ஒரே கையாகக் கொள்முதல் செய்வதால் உற்பத்தியாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்க முடிகிறது. தினமும் எல்லா வீட்டிலும் தீர்ந்துபோகிற சாமான்தான் அங்கே இருக்கும். அதனால் அலமாரியில் எதுவும் தேங்காது. கிள்ளான் துறைமுகப் பக்கம் 1955-இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய எகோன்சேவும், 1957-இல் கோத்தா பாருவில் தொடங்கிய மைடினும் இதே பாடத்தை வேறு வேறு அளவில் படித்தவைதான்.

அண்ணியோடு ஒரு சனிக்கிழமை

அண்ணி இப்போது அடுக்குமாடியில் இருக்கிறார். சம்பளம் வந்த வாரத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவரோடு சாமான் வாங்கப் போனேன். தோளில் இரண்டு துணிப்பை. 2017 முதல் சிலாங்கூரில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு. அந்த 20 காசையும் அவர் கொடுக்க மாட்டார்.

முதலில் எண்ணெய். அரசு மானியத்தில் வரும் ஒரு கிலோ பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. போத்தல் எண்ணெய் விலையில் அது பாதிகூட வராது. காலையிலேயே தீர்ந்துவிடும் என்பதால் முதல் வேலை அதுதான். அடுத்தது சீனி, கட்டுப்பாட்டு விலையில் கிலோ 2 வெள்ளி 85 காசு.

அரிசிதான் நம் வீடுகளில் சிக்கல். உள்நாட்டு வெள்ளை அரிசி பத்துக் கிலோ 26 வெள்ளிதான். ஆனால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நமக்குப் பொன்னி வேண்டும். அது இந்தியாவிலிருந்து வருவது, அதற்கு உச்ச விலை கிடையாது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவிகித வரி போட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியது. டெல்லியில் போட்ட கையெழுத்து எங்கள் அடுக்குமாடியின் சோற்றுப் பானையில் தெரிந்தது. அண்ணி அப்போது ஒரு முடிவெடுத்தார்: பகலுக்குப் பொன்னி, இரவுக்கு உள்நாட்டு அரிசி. இன்றுவரை அப்படியேதான்.

சோப்புத்தூள் அலமாரியின் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். பெரிய பொட்டலத்தில் ‘சலுகை’ என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கைப்பேசியை எடுத்து விலையைக் கிலோவால் வகுத்துப் பார்த்தார். பக்கத்தில் சீட்டு எதுவும் ஒட்டாத நடுத்தரப் பொட்டலம்தான் உண்மையில் மலிவு.

“பெரிசுன்னா மலிவுன்னு கிடையாது தம்பி. மஞ்சளா ஒட்டியிருந்தாலும் கிடையாது. வகுத்துப் பார்த்தாத்தான் தெரியும்,” என்றார்.

கடைக்கு வருமுன்பே உள்நாட்டு வாணிப அமைச்சின் ‘பிரைஸ் கேட்சர்’ செயலியில் அக்கம்பக்கத்துக் கடைகளின் விலையைப் பார்த்துவிடுவாராம். காய்கறி மட்டும் இங்கே வாங்க மாட்டார். அது பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில், வியாபாரிகள் மூட்டை கட்டும் நேரத்துக்கு. தீபாவளி நெருங்கினால் அரசு அறிவிக்கும் பண்டிகைக்கால உச்ச விலைப் பட்டியலைத் தாளிலிருந்து வெட்டி வைத்துக்கொள்வார்.

பணம் கட்டும்போது அடையாள அட்டையை நீட்டினார். அரசின் சாரா உதவித்தொகை இப்போது அந்த அட்டையிலேயே வந்துவிடுகிறது. பதிவு பெற்ற கடைகளில் அடிப்படைச் சாமான்களுக்குக் கழித்துக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லா மலேசியர்களுக்கும் ஒருமுறை 100 வெள்ளி கொடுத்தார்களே, அதுவும் இதே வழியில்தான். அட்டையை நீட்டிய அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். யாரும் அவரை நிறுத்தி ஒரு நொடி உற்றுப் பார்க்கவில்லை. அம்மா காலத்தில் கிடைக்காத மரியாதை அது. விலை குறைந்ததைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு அன்று அப்படி முடியவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டி முடித்ததும் திரையில் வந்த தொகையைப் பார்த்தார், பணப்பையைப் பார்த்தார். பிறகு பால்மாவு டின்னை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தார். “இது வேண்டாம்” என்றார். இடுப்பிலிருந்த பிள்ளை அந்த டின்னை நோக்கிக் கை நீட்டியது. கல்லாவில் இருந்த பையன் நல்ல பையன்தான். ஆனால் “பரவாயில்லை அக்கா, எழுதிக்கிறேன்” என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. மலிவுக் கடையில் நோட்டு கிடையாது. அண்ணிதான் அந்த டின்னுக்குப் பணம் கட்டினார். ஒருநாள் அப்படிச் செய்யலாம். வருஷம் முழுவதும் எந்த அண்ணியால் முடியும்?

அன்றைய கடை கூடுதல் விலை வாங்கிக்கொண்டு அவகாசம் கொடுத்தது. இன்றைய கடை அவகாசத்தை எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கொடுக்கிறது. அப்படிக் குறைந்த காசை நாம் வேறு எதிலோ கரைத்துவிட்டால், அடிபட்டுக் கிடக்கும் இரண்டு மாதத்துக்குப் போய் நிற்க மிஞ்சும் இடம் வட்டிக்காரன் வாசல்தான். பழைய கடைகள் திரும்பி வரப் போவதில்லை. அந்தத் தலைகுனிவு திரும்பி வரவும் வேண்டாம். தவுக்கே தந்த அந்த அவகாசத்தை மட்டும் நாமே நமக்குச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணி அதைச் செய்துகொண்டிருந்தார் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சாமான்களை அடுக்கி முடித்ததும், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்தார். அதே அட்டை, அதே மூன்று எண்கள். எனக்கு ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது.

“யாருக்குக் கடன் அண்ணி?”

“கடனா? பிரிச்சுப் பாருங்க.”

முன்பக்கங்களில் சாமான்களின் பெயர், கடை, கிலோ விலை, மாதம். எந்தக் கடையில் பருப்பு ஏறியது, எதில் இறங்கியது என்பதெல்லாம் வரிசையாக இருந்தது. மாடியில் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிப் பங்கு போட்ட கணக்கும் இருந்தது. நோட்டைத் திருப்பி வைத்தால் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு தொடங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரே ஒரு எண்: 6.40, 9.10, 4.75.

“வகுத்துப் பார்த்து வாங்கினதுல எவ்வளவு மிச்சமோ, அதை அன்னிக்கே எடுத்து வெச்சிடணும். மறுநாள்னா காணாமப் போயிடும்,” என்றார்.

அன்றைய தேதியைப் போட்டு 7.30 என்று எழுதினார். பணப்பையிலிருந்து ஏழு வெள்ளி முப்பது காசை எண்ணி எடுத்து, அலமாரியின் மேல் தட்டிலிருந்த மைலோ டின்னை இறக்கி, அதற்குள் போட்டு மூடினார்.