தன்னை எழுதும் அளவு

பலரும் படிக்குமாறு எழுதுவோர் தம்மைப்பற்றி எவ்வளவு சொல்லலாம், எதனைச் சொல்லாது விடவேண்டும் என்னும் வினா இக்காலத்தே புதிதாய்த் தோன்றியதன்று. நம் இலக்கண நூலார் இதனை நன்கு ஆராய்ந்துளர்.

நன்னூற் பாயிரத்தை மனனஞ் செய்த நம்மவர்க்குச் சிறப்புப்பாயிரத்தின் எட்டுப் பொருள்களும் நினைவிருக்கும். ஆக்கியோன் பெயரே அவற்றுள் முதலாவது. ஆயினும் அப்பாயிரத்தை அவன் தானே செய்தல் முறையன்று. அவனுடைய ஆசிரியரும், உடன் கற்றோரும், மாணாக்கரும், உரைகாரருமே செய்தற்குரியர். தற்புகழ்ச்சிக்கோ நான்கிடங்களில் மாத்திரம் பவணந்தியார் இடங்கொடுத்தார்: அரசனவைக்கு ஓலை விடுக்குமிடம், தன்னாற்றலை அறியாதாரிடம், அவையில் வாதம் வெல்லும் பொழுது, பகைவன் பழித்த வேளை என்பன அவை. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் நம் இளைஞர் முன்னிரண்டையும் சூத்திரம் அறியாமலே செவ்வனே கையாளுகின்றனர்!

தற்புகழ்ச்சி வேறு, தன்னிலை உரைத்தல் வேறு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகள் தொட்டவிடமெல்லாம் உதிரும் நிலையையும் தாம் பட்ட துன்பத்தையும் பதிப்புரையில் வெளிப்படையாக எழுதினார்கள். அத்துன்பம் நூலோடு ஒட்டியது. அதனைச் சொல்லாதிருப்பின் எத்தனை நூல்கள் அழிவின் விளிம்பில் நின்றன என்பதைப் படிப்போர் உணரார். எடுத்த பொருளுக்கு வேண்டுமளவு தன்னைச் சொல்லுதல் அடக்கத்துக்கு மாறன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாமறியோம்.

இடர்ப்பாடு பிறரைச் சொல்லுமிடத்தே தொடங்குகின்றது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1940 முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோது, தம் குடும்பத்து வறுமையோடு, தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள் பணமின்றி வருந்தியதையும் எழுதினார்கள். ஆசிரியர் 1876இலேயே மறைந்தவர். எழுதியவரோ அவர்மீது பேரன்பு கொண்ட மாணாக்கர். உயிரோடிருக்கும் ஒருவரின் கடனை அவ்வாறு எழுதலாமோ? எழுதலாகாதென்பதே எமது துணிபு. நமது கதையென நாம் கருதுவதிற் பாதி நம் பெற்றோர்க்கும், மனைவி மக்கட்கும், நண்பர்க்கும் உரியதன்றோ!

பெயரை விட்டுவிட்டாற் போதுமே எனின், போதாது. அன்பின் ஐந்திணை பாடுமிடத்து ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாதென்பது தொல்காப்பியர் விதி. நெடுநல்வாடையில் நக்கீரர் எப்பெயரையும் சொல்லவில்லை. பிரிவால் வருந்தும் அரசியையும், பாசறையில் நள்ளிரவிற் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனையும் பாடினார், அவ்வளவே. ஆயினும் அரசன்முன் செல்வோனது வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது. வேம்பு பாண்டியர்க்கு அடையாளப் பூவாதலின், அவ்வொரு தழை கொண்டே நச்சினார்க்கினியர் இஃது அகமாகாது, புறமே என்றார். நூற்றெண்பத்தெட்டு அடிகளிற் காத்த மறைவை ஒரு தழை அவிழ்த்துவிட்டது.

நம்முடையது சிறு நாடு. இன்ன சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்தவர், மூன்று பெண்மக்களுக்குத் தந்தை, 1970களில் நம்மோடு விடுதியிலிருந்தவர் என்று எழுதினால், பெயரை மறைத்ததாற் பயன் என்னை? கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் இருப்போர் கூட உடனே இன்னாரென்பர். போர்க்காலத்து நம் எழுத்தாளர் பலர் இவ்வச்சத்தாலேயே புனைபெயரோடு நில்லாது, ஊரையும் தொழிலையும் ஒருங்கே மாற்றினர். அன்று அஃது உயிர்காக்கும் உபாயம். இன்று அவ்வச்சம் பெரிதும் தணிந்திருப்பினும், மருந்துக்கடைக்காரரின் மகள்மாருக்குப் படிக்குங்கண்கள் அன்றிலும் இன்றே மிகுதி. ஆதலின், பழைய விடுதிக் கதைகளை எழுதப் புகும் அன்பர் கையெழுத்துப்படியைச் சம்பந்தப்பட்டவரிடம் முதலிற் காட்டுவாராக. அவர் அடித்துவிடும் வரி பெரும்பாலும் பெயர் உள்ள வரியாயிராது. சந்தியைச் சொல்லும் வரியாகவே இருக்கும்.