பாடம் அமைப்பதும் ஓர் அறிவியலே!

மார்கழிக் காலையில், அறந்தாங்கி வகுப்பறை ஒன்றில் இரும்பு நாற்காலியையும் மர பெஞ்சையும் தொட்டால் எது அதிகம் குளிரும்? இரும்புதான். ஆனால் வெப்பமானி இரண்டிலும் ஒரே வெப்பநிலையையே காட்டும்! இரும்பு நம் கையின் வெப்பத்தை விரைந்து கடத்துவதே காரணம்.

முதலில் ஊகம், பிறகு அளவீடு, கடைசியில் விளக்கம். இவ்வரிசை தற்செயலானதன்று. மாணவர் எங்கே தடுமாறுவார் என்றறிந்து பாடத்தை அமைத்து, சோதித்து, திருத்தும் துறைக்குக் கற்பித்தல் வடிவமைப்பு என்று பெயர். இயற்பியலில் பட்டம் பெற்றவரும் இதைத் தனியே பயில வேண்டும். சென்னை தரமணியில் 1964இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இதைக் கற்பிக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டமே பெறலாம்.

பாடம் புரியாதபோது, 'நான் மக்கு' என்று சோர்ந்துவிடாதீர்கள். குறை பாடத்தின் அமைப்பிலும் இருக்கலாம். அதைச் சீராக்கும் பணிக்கு நாளை நீங்களே வரலாம் அல்லவா?